ஒரே மூச்சு

கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகை வீட்டுக்குள் பூட்டிய 2020ஆம் ஆண்டு. ஜூலையில் மாலத்தீவு சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவு திறந்தது. காற்றுக்கலம் சுமந்து, கடலடியில் பவளப்பாறைகளைக் கண்டு மகிழ்வோரின் படங்களை, இணைய வகுப்புக்காக இரவல் வாங்கிய கைப்பேசியில் பார்த்தேன்.

ஏரியூரை அடுத்த நாகமரையில், மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில், என் தந்தையாரும் மூழ்கினார். 1934இல் அணை எழுந்தபோது நீருக்குள் போன நிலத்தின் கற்களில் வலை சிக்கினால், பரிசலை என்னிடம் விட்டுக் குதிப்பார். கலமில்லை, ஒரே மூச்சு. வலை போனால் அடுப்பெரியாது. நான் எண்ணத் தொடங்குவேன். ஒருநாள் எழுபதைத் தாண்டியபோது அழுதேவிட்டேன். ஏறி வந்தவர், "காது குடையுது, கண்ணு" என்றார்.

பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்று இயற்பியல் பேராசிரியர் விளக்கியபோது, அந்தக் காதுவலியின் கணக்குப் புரிந்தது. அவர் அடக்கிய மூச்சில்தான் நான் இங்கே படிக்கிறேன்.