'போர்டு போயிடுச்சு ஸார்!'

மூன்றே வார்த்தைதான். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் அந்த மாத பட்ஜெட்டைக் கவிழ்க்க இது போதும்.

டி.வி., ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின்... எது மக்கர் செய்தாலும் வருகிற ஆசாமி பின்பக்க மூடியைக் கழற்றுவார். டார்ச் அடித்துப் பார்ப்பார். 'ப்ச்' என்பார். அடுத்து இந்தத் தீர்ப்பு வரும். நம்மால் எதிர்த்துப் பேச முடியாது. போர்டு பச்சை நிறத்தில் இருக்கும் என்பதற்கு மேல் அதைப் பற்றி நமக்கென்ன தெரியும்?

கம்ப்யூட்டர் விஷயத்தில் இந்தத் தீர்ப்புக்குத் தோதான நாள், ரேம் போட்ட நாள். நேற்று வரை ஓடிய மெஷின். 'வேகம் பத்தலையே' என்று கூடுதலாக ஒரு ரேம் வாங்கிச் சொருகுவோம். ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், ஸ்க்ரீனில் மட்டும் அமாவாசை!

ரேம் என்பது ஆபீசில் நம் மேஜை மாதிரி. ஹார்ட் டிஸ்க் என்பது பின்னால் நிற்கிற பீரோ. பீரோவில் இருக்கிற ஃபைலை எடுத்து மேஜையில் விரித்தால்தான் வேலை செய்ய முடியும். மேஜை சின்னதாக இருந்தால் நிமிடத்துக்கு நாலு தடவை எழுந்து பீரோவுக்கு நடக்க வேண்டும். அந்த நடைதான் நமக்கு 'ஸ்லோ'வாகத் தெரிகிறது. 1981-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த பர்சனல் கம்ப்யூட்டரின் ஆரம்ப மாடலில் ரேம் 16 கிலோபைட். இன்றைக்கு வீட்டு மெஷினில் சாதாரணமாகப் போடுகிற 8 ஜி.பி., அதைப்போல 5,24,288 மடங்கு. அப்படியும் இடம் போதவில்லை. வீடு பெரிசாக ஆக சாமானும் சேரும் என்று சும்மாவா சொன்னார்கள்!

எங்கள் சித்தப்பா மேஜையைப் பெரிசாக்க முடிவு செய்தது ஒரு 18-ந் தேதி.

சித்தப்பாவுக்கு 68 வயது. மேற்கு மாம்பலத்தில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பதினாலு சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். மளிகை, பாத்திரம், ஹார்டுவேர், இரண்டு மெடிக்கல் ஷாப் இத்யாதி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அவர் செட்டில் சிலர் 'இது நமக்கு ஆகாதுப்பா' என்று பேனாவை மூடி வைத்தார்கள். இவர் ரிட்டயர் ஆன பணத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கும்போதே செகண்ட் ஹேண்ட். ரேம் 4 ஜி.பி.

ரிச்சி தெருவில் 8 ஜி.பி. ரேம் ஒன்று வாங்கிவந்து, பக்கத்துத் தெரு சர்வீஸ் பையனைக் கூப்பிட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். போட்டான். ஆன் செய்தான். அமாவாசை. புதுசைக் கழற்றிவிட்டுப் பழசை மட்டும் வைத்து ஆன் செய்தான். அப்போதும் அமாவாசை. 'ப்ச்' என்றான்.

"போர்டு போயிடுச்சு ஸார். இந்த மாடலுக்குத் தனியா போர்டு கிடைக்காது. ப்ராஸஸரோட சேர்த்து மாத்தணும். பதினஞ்சாயிரம் ஆகும்."

எனக்கு ஃபோன் வந்தது.

"ஏண்டா, மெமரி போச்சுங்கறானே, என் கணக்கெல்லாம் போச்சா?"

"பீரோ பத்திரமா இருக்கு சித்தப்பா. மேஜைதான் தகராறு" என்றேன். நிஜமும் அதுதான். ரேமில் இருப்பது கரண்ட் போனால் தானே அழிந்துவிடும் சமாசாரம். கணக்கு எல்லாம் டிஸ்க்கில். தலைபோகிற நிலைமை வந்தாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் வைத்துக் கணக்கை எடுத்துவிடலாம்.

ஆனால் அவர் கவலை அது மட்டுமில்லை. மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு 20-ந் தேதி கெடு. தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் லேட் ஃபீ, வியாபாரமே இல்லாத மாதமென்றால் 20. பதினாலு கடைக்கும் சேர்த்தால்கூட ஒரு நாளைக்கு 700 ரூபாய்தான்.

"ஃபைனை நான் கட்டிடுவேண்டா" என்றார். "ஹார்டுவேர்க் கடைக்காரர் பையன் எம்.பி.ஏ. முடிச்சுட்டு வந்திருக்கான். போன மாசமே, 'அங்கிள், பேசாம ஒரு ஆப் போட்டுக்கலாம்னு பார்க்கறோம்'னான். இப்ப லேட்டாச்சுன்னா 'பெரியவருக்கு முடியலை'ன்னு கடைத்தெரு பூரா சொல்லிடுவான். அதை எந்த ஃபைனைக் கட்டி அழிக்கறது?"

நான் எஞ்சினீயர் இல்லை. பி.காம். ஆனால் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாத ராத்திரிகளைப் பார்த்தவனுக்கு இந்த அமாவாசை புதிதில்லை. டேலி ஆகவில்லை என்றால் யாராவது லெட்ஜரையே தூக்கிப் போட்டுவிட்டுப் புது லெட்ஜர் வாங்குவார்களா? வித்தியாசத்தைப் பார்ப்போம். 9-ஆல் வகுபட்டால் 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கலாம். 2-ஆல் வகுபட்டால், பாதித் தொகை பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கலாம். அப்புறம் கடைசியாக டேலி ஆன தேதியிலிருந்து ஒவ்வொரு என்ட்ரியாக டிக் அடித்துக்கொண்டு வருவோம். கம்ப்யூட்டருக்கும் அதே வைத்தியம்தான்.

முதல் கேள்வி, போர்டு உயிரோடு இருக்கிறதா? இதற்குப் பதினஞ்சாயிரம் வேண்டாம். பஸ்ஸர் என்று சுண்டு விரல் நுனி அளவுக்கு ஒரு சமாசாரம் உண்டு. விலை டிபன் காசுகூட ஆகாது. அதை போர்டில் சொருகிவிட்டு, இரண்டு ரேமையும் கழற்றிவிட்டு ஆன் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் எழுந்தவுடன் தன் கை கால்களைத் தானே தொட்டுப் பார்த்துக்கொள்ளும். ரேம் இல்லையென்றால் 'எங்கேடா என் மேஜை?' என்று பீப் அடித்துக் கத்தும். கத்தினால் ப்ராஸஸரும் போர்டும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். பஸ்ஸர் இருந்தும் சத்தமே வராவிட்டால்தான் சந்தேகம் போர்டு, ப்ராஸஸர், பவர் சப்ளை பக்கம் போகும்.

ஆன் செய்தேன். பீ...ப்! பீ...ப்! பீ...ப்!

"சித்தப்பா, கத்தறது கேக்குதா? செத்தவன் கத்துவானா?"

சித்தப்பா முகத்தில் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதிக்கு ஒரு கணக்கு இடித்தது. புதுசைக் கழற்றிய பிறகும் ஏன் ஓடவில்லை? நேற்று வரை இந்தப் பழைய ரேம், இதே போர்டில் ஓடியதுதானே?

"அந்தப் பையன் என்னென்ன பண்ணினான், வரிசையா சொல்லுங்க."

"புதுசைப் போட்டான். ஓடலை. புதுசை எடுத்தான். அப்பவும் ஓடலை. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. சித்தி! "முதல்ல பழசையும் பிடுங்கினானே! 'ஒரே தூசி மாமி'ன்னு வாயால ஊதிட்டு, திரும்பச் சொருகினான். அப்புறம்தான் புதுசை எடுத்தான். நான் காபி கொடுக்க வந்தப்ப பார்த்தேனே!"

ஆஹா! விட்டுப்போன என்ட்ரி!

எல்லோரும் 'ஒரு மாற்றம் நடந்தது' என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். நடந்தது இரண்டு. புதுசு சேர்ந்தது ஒன்று. பல வருஷமாக அசையாமல் இருந்த பழசு வெளியே வந்து உள்ளே போனது இன்னொன்று. அதை யாரும் எழுதவில்லை. அதனால் அதன் மேல் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

ப்ளக்கையே பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள ஸ்டாட்டிக்கை இறக்கிவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய ரேமின் அடி விளிம்பில் தங்க நிறக் கால்கள் வரிசையாக இருக்கும். அவை கறுத்துப் போயிருந்தன. வாயால் ஊதினால் தூசி போகும், எச்சில் ஈரம் சேரும். பென்சில் ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் தூள் இல்லாமல் துடைத்தேன். ஸ்லாட்டைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். ரேமை வைத்து, இரண்டு முனையிலும் கட்டை விரலால் சமமாக அழுத்தினேன். 'டக்', 'டக்'. இரண்டு பக்கக் கொக்கியும் தானாக மூடிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் 'டக்' என்றால் கண்ணுக்கு நேராகத்தான் தெரியும், மயிரிழை தூக்கிக்கொண்டிருக்கும். அது போதும், அமாவாசைக்கு.

பழசு மட்டும் வைத்து ஆன். விண்டோஸ் வந்தது. அணைத்துவிட்டுப் புதுசு மட்டும். வந்தது. பிறகு இரண்டும். 12 ஜி.பி. என்று காட்டியது. சித்தப்பா ஸ்க்ரீனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆபீஸ் போகிற நண்பர்களே, உங்கள் மெஷினிலும் இந்த அமாவாசை வரலாம். மாற்றிய பிறகு ஓடவில்லையா? மாற்றியதைத் திரும்ப எடுங்கள். தொட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ரேம், ஒரு ஸ்லாட். ரேமில் டி.டி.ஆர்.3, 4, 5 என்று ஜாதி உண்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது. உட்காரவில்லையென்றால் பலத்தைக் காட்டாதீர்கள்! வேகம் வேறான இரண்டைச் சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் மெதுவானதன் வேகத்துக்கு மற்றதும் இறங்கி வரும். சில ஜோடிகள் ஒத்தே போகாது, கல்யாணத்தில் மாதிரிதான். புது டி.டி.ஆர்.5 மெஷின் என்றால், ரேம் மாற்றிய முதல் தடவை சில நிமிஷம் ஸ்க்ரீன் கறுப்பாகவே இருக்கலாம். உள்ளே அது ரேமோடு பழகிக்கொண்டிருக்கிறது. பதறி ஸ்விட்சை அணைக்காதீர்கள். எதுவும் நடக்காவிட்டால், ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கிற காசு வடிவ பாட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டுங்கள். பழைய செட்டிங்கை மறந்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். இத்தனையும் செய்து தோற்ற பிறகு போர்டைச் சந்தேகப்படுங்கள்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு விசிட்டுக்கு அவனுக்குக் கிடைப்பது 300 ரூபாய். அதில் பெட்ரோல் போக வேண்டும். அன்றைக்கு இன்னும் ஏழெட்டு வீடு பாக்கி. ஒரு மணி நேரம் உட்கார்ந்து ரப்பரால் தேய்த்து, 'ஒண்ணுமில்லை ஸார், அழுக்குதான்' என்று அவன் சொன்னால் நாம் என்ன சொல்வோம்? 'அழுக்கு துடைக்க முந்நூறு ரூபாயா?' என்போம். போர்டை மாற்றினால் மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுப்போம். தேடுகிறவனுக்குக் கூலி கிடையாது, மாற்றுகிறவனுக்குத்தான் கூலி என்று நாம்தான் ரேட் ஃபிக்ஸ் பண்ணி வைத்திருக்கிறோம். அப்புறம் ஊரெல்லாம் போர்டு போகாமல் என்ன செய்யும்?

பதினாலு ரிட்டர்னும் 19-ந் தேதி ராத்திரி பதினொன்றரைக்குள் போய்ச் சேர்ந்தன. ஹார்டுவேர்க் கடைப் பையன் இன்னும் ஆப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறான். அது வேறு கணக்கு.

போன வாரம் போயிருந்தபோது கம்ப்யூட்டர் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் கயிறு கட்டித் தொங்கியது. சித்தப்பா அழகாகக் கட்டம் போட்டிருந்தார். தேதி, விவரம், தொட்டவர், சாட்சி. முதல் வரியில் பச்சை மையில் எழுதியிருந்தது:

'18-ந் தேதி. பழைய ரேம் கழற்றி மாட்டியது. தொட்டவர்: சர்வீஸ் பையன். சாட்சி: சம்சாரம், காபியுடன்.'