வரவில்லாத வகை

நேமத்தான்பட்டியில் எங்கள் வளவின் இரண்டாம் கட்டில் கிடந்த மரப்பெட்டியைத் திறந்து பெரியப்பச்சியின் பழைய பேரேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், பத்துக் காசுப் பெருங்காயத்துக்குக்கூட விவரம் எழுதிவைத்த அந்த மனிதர், ஆண்டுக்கொரு முறை 'சோழவரம் வகை' என்று மட்டும் குறித்துக் கணிசமான தொகையொன்றைப் பற்று எழுதிவிட்டு, காரணம் எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போயிருப்பதைக் கண்டு திகைத்தேன்.

"அங்கெ ஒரு பிள்ளை பந்தய வண்டி ஓட்டுச்சு, டயருக்கும் பெட்ரோலுக்கும் இவுக குடுத்தாக" என்று பெரியாத்தா சொன்னாள். அவ்வளவுதான், அதற்குமேல் அவளும் விவரம் எழுதவில்லை.

யுத்த காலத்து விமானத் தளமொன்று கேட்பாரற்றுக் கிடந்த சோழவரத்தில், 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களுக்குக் கோண்டல் மகாராஜா போன்றவர்கள் சீமையிலிருந்து தருவித்த வண்டிகளோடு வருவார்கள் என்பதும், பியட், ஹெரால்டு வண்டிகளின் உறுப்புகளைக் கொண்டு கொட்டகைகளில் கட்டிய 'ஸ்பெஷல்'களோடு ஏனையோர் அவர்களுக்கு எதிரே நிற்பார்கள் என்பதும் பழைய ரசிகர்கள் அறிந்தவையே. இரு திறத்தாருக்கும் பொதுவானது ஒன்று: செலவு சொந்தக் கைக்காசு.

இந்த வைராக்கியம் நம் தேசத்துக்கு மட்டும் உரியதன்று. விஸ்கிக் குடும்பத்து வாரிசான ராப் வாக்கர், பிறர் செய்த வண்டிகளை விலைக்கு வாங்கி, கருநீலம் பூசி, மூக்கில் வெள்ளைப் பட்டையிட்டு, 1958 முதல் 1968 வரை ஒன்பது கிராண்ட் பிரீ வெற்றிகளைக் கண்டார். 1961-ல் மொனாக்கோவில், புறப்படும் வேளையில் சட்டத்தில் விரிசல் கண்ட அவருடைய லோட்டஸை, நிரம்பியிருந்த பெட்ரோல் தொட்டியின்மேல் ஈரத்துணிகளைப் போர்த்திக்கொண்டு மெக்கானிக் ஆல்ப் பிரான்சிஸ் பற்றவைத்துக் கொடுக்க, ஸ்டிர்லிங் மாஸ் அதில் ஏறி, பலத்தில் மிஞ்சிய பெராரி வண்டிகளை நூறு சுற்றுகளின் முடிவில் 3.6 வினாடி முந்தி வந்தார். வாக்கரின் கடைசி வெற்றி கிட்டிய 1968-லேயே சிகரெட் கம்பெனியின் வர்ணம் பந்தய வண்டிகளில் ஏறிற்று. கைக்காசின் காலம் அதன்பின் தேய்ந்தது.

அதற்கு முன்பே, 1935-ல், சயாம் இளவரசர் சூலா தம் சிற்றப்பன் முறையான பீராவின் இருபத்தோராம் பிறந்தநாளுக்கு இ.ஆர்.ஏ. வண்டியொன்றைப் பரிசளித்து, 'வெள்ளை எலி' என்று தம் குழுவுக்குப் பெயரும் வைத்தார். முதல் இரு இ.ஆர்.ஏ. வண்டிகளும் ரோமுலஸ், ரீமஸ் ஆயின. மூன்றாவது அனுமான் ஆயிற்று. அந்த வாயு குமாரன் நம் பக்கம் வந்துசேர அரை நூற்றாண்டு பிடித்தது: கோவை ஆலைக் குடும்பத்துக் கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்துச் சாமானிய இளைஞருக்கும் எட்டும்படி 'பார்முலா மாருதி'யை உருவாக்கினார். 1995-ல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வட்டி காணாத பணத்தை உறங்கும் பணமென்று கருதும் குலத்தில் பிறந்தவனுக்கு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காக இத்தனை திரவியம் செலவிடுவது ஆரம்பத்தில் விபரீதமாகத்தான் தோன்றும். ஆனால் ஊர்த் தேரும் அப்படித்தானே? ஆண்டு முழுதும் கொட்டகையில் நின்று, அச்சும் சக்கரமும் மாற்றிக்கொண்டு, ஒரு நாள் வீதியைச் சுற்றி நிலைக்கு வந்துவிடுகிறது. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை. அந்த இ.ஆர்.ஏ. வண்டிகளில் சில இன்றும், தொண்ணூறு வயதில், உடையவர் செலவில் இங்கிலாந்தில் பந்தயம் ஓடுகின்றன.

பேரேட்டை மூடுமுன் ஒரு காரியம் கவனித்தேன். திருப்பணிக்குக் கொடுத்த தொகைகளுக்கும் பெரியப்பச்சி காரணம் எழுதியிருக்கவில்லை.