மூக்கும் முழியும்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கலியாணம் பேசும்போது படம் வருவதற்கு முந்தியே ஒரு வசனம் வந்துவிடும்: “பிள்ளை மூக்கும் முழியுமா இருப்பா.” அந்த வசனம் வராத பிள்ளைக்கு நல்ல படிப்பு, நல்ல குணம், சொந்த வீடு என்று மற்றதெல்லாம் வரிசையாக வரும். மட்டக்களப்பின் தன்னாமுனையில் என் அம்மம்மாவும் அவவின் கூட்டாளிமாரும் வாவிக்கரைக் காற்றில் இருந்து இப்படித்தான் பெண்களை எடைபோட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே அதையே வட்ஸ்அப்பில் செய்கிறார்கள்.

மட்டக்களப்பில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியில் இறங்கும். எங்கள் வீட்டில் மூக்கும் அதே வழியில்தான் இறங்கியிருக்கிறது. அம்மம்மாவிடமிருந்து அம்மா, அம்மாவிடமிருந்து அக்கா, அக்காவிடமிருந்து என் பெறாமகள். அடி அகலம், நுனி கொஞ்சம் தாழ்வு, தோல் தடிப்பு. பெறாமகளின் ஏழெட்டு வயதில் ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரு மாமி அவளைக் ‘கறிமிளகாய்’ என்று கூப்பிட்டா. எல்லோரும் சிரித்தோம், நானுந்தான். மாமி அதை அன்றே மறந்திருப்பா. பிள்ளைக்கு வயது 27 ஆனபோது ஒரு நாள் காரில் வைத்துச் சொன்னாள்: “சின்னம்மா, மூக்கைச் செய்யப் போறன். அம்மாக்கிட்ட மறுகா சொல்லுவம். நீங்க ஒருக்கா என்னோட டொக்டரிட்ட வாங்க.”

போனேன். காத்திருக்கும் அறையில் ஆசியர்களுக்கான மூக்கு, கண்மடல் சத்திரசிகிச்சை என்று ஒரு கையேடு கிடந்தது. உள்ளே இருந்த முகங்கள் எல்லாம் கொரிய, சீன முகங்கள். மூக்கின் தண்டை உயர்த்துவது, கண்மடலில் மடிப்பு வைப்பது, இரண்டையும் சேர்த்தால் விலை குறைவு. எங்கள் ஆட்களுக்குப் பெரும்பாலும் தண்டு பிறப்பிலேயே உயரம். கண்மடலில் மடிப்பும் கேட்காமலே இருக்கிறது. எங்களுக்குக் குறையாகச் சொல்லப்படுவது நுனியும் துவார அகலமும்தான்.

கிழக்காசியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மேல்மடலில் மடிப்புக் கிடையாது. மடலைத் தூக்கும் தசையின் இழைகள் தோலோடு எந்த உயரத்தில் ஒட்டுகின்றன என்பதுதான் வித்தியாசம். பார்வைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. மடிப்பை நூலால் தைத்து உண்டாக்கும் முறையை 1896இலேயே ஜப்பானில் மிக்காமோ என்ற மருத்துவர் எழுதிவைத்தார். 1950களின் நடுவில், போர் ஓய்ந்த கொரியாவுக்கு ரால்ஃப் மில்லார்ட் என்ற அமெரிக்கப் படை மருத்துவர் போனார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அவரிடம் வந்து, தன் கண்ணை வட்டமாக்கித் தரும்படி கேட்டார். இடுங்கிய கண்ணால் தன் மனதில் இருப்பது அமெரிக்கர்களுக்குப் பிடிபடவில்லை என்பது அவர் சொன்ன காரணம். தன் பிழைப்புக்காக, ஆளவந்தவனின் கண்ணுக்கு ஏற்றபடி தன் கண்ணை வெட்டக் கொடுத்த அந்த மனிதரை என்னால் எள்ளி நகையாட முடியவில்லை. இந்த நாட்டு வேலைத்தலத்தில் கூப்பிட வசதியாக என் பெயரின் பாதியை நானே வெட்டியிருக்கிறேன்.

மூக்குக் கதையில் எங்கள் பக்கத்துக்குப் பங்கு அதிகம். சூர்ப்பனகையை விட்டுவிடுவோம். திருமலை நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், மைசூர்ப் படை மதுரை நாட்டுக்குள் புகுந்து கண்டவர்களின் மூக்கை அறுத்தது. பதிலுக்கு மதுரைப் படையும் அறுத்தது. மூக்கறு போர் என்றே அதற்குப் பெயர். அறுப்பது தண்டனையாக இருந்த தேசத்தில் ஒட்டவைப்பதும் தொழிலாக வளர்ந்தது. சுசுருத சங்கிதை கன்னத்துத் தோலில் மூக்குச் செய்யும் முறையைச் சொல்கிறது. பிற்காலத்தில் நெற்றித் தோல் வந்தது. திப்பு சுல்தானின் ஆட்களிடம் மூக்கைப் பறிகொடுத்த கவாஸ்ஜி என்ற ஆங்கிலேயப் படையின் மாட்டுவண்டிக்காரருக்குப் புனேயில், செங்கல் சுடும் சாதியைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். மெழுகில் மூக்கு அச்சுச் செய்து, அதை நெற்றியில் விரித்து அளவு குறித்து, தோலை உரித்துப் புருவங்களுக்கு நடுவே ஒரு துண்டை மட்டும் விட்டு, முறுக்கிக் கீழே இறக்கினார். இரத்த ஓட்டம் அறாமல் இருக்கத்தான் அந்தத் துண்டு. 1794 ஒக்ரோபரில் லண்டன் சஞ்சிகை ஒன்றில் இந்தச் செய்தி படத்தோடு வந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ, பிணங்களில் பழகிப் பார்த்துவிட்டு 1814இல் லண்டனில் உயிருள்ளவருக்குச் செய்தார். இன்றும் நெற்றித் தோலில் செய்வதை இந்திய முறை என்கிறார்கள். அந்தச் செங்கல்காரரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

அறுபட்ட மூக்கைத் திருப்பிக் கொடுக்க வந்த வித்தை, இருக்கிற மூக்கை மாற்றப் போனது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். பெர்லினில் ஜாக் ஜோசப் என்ற யூத மருத்துவர் 1898இல் அந்த வழியைத் திறந்தார். யூத மூக்கு என்று தெருவில் கேலி கேட்டவர்கள் அவரிடம் வந்தார்கள். கறிமிளகாயும் அதே சங்கதிதான்.

சரி, எந்த மூக்கு அழகு என்று யார் அளந்தார்கள்? மூக்கின் அகலம் இரு கண்களுக்கு நடுவே உள்ள தூரத்துக்குச் சமமாக இருக்கவேண்டும் என்பது ஐரோப்பிய ஓவியர்களின் பழைய விதி. எங்கள் ரொறன்ரோவிலேயே, சிக் கிட்ஸ் மருத்துவமனையில் லெஸ்லி ஃபார்கஸ் என்பவர் இருந்தார். அவரும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து புலம்பெயர்ந்தவர். முகங்களை வாழ்நாள் முழுக்க அளந்த அவர், அந்த விதிகள் வெள்ளையர்களில்கூடப் பலருக்குப் பொருந்தவில்லை என்று 1985இல் காட்டினார். 2005இல் பல நாட்டு முகங்களையும் அளந்து வெளியிட்டார். ஆசிய, ஆபிரிக்க மூக்குகள் அதில் வெள்ளையர் மூக்கைவிட அகலமாகத்தான் இருந்தன.

தன்னாமுனையில் எங்களுக்கு ஓவியர்கள் தேவைப்படவில்லை. சூசையப்பர் கோயில் சுரூபங்கள் இருந்தன. மாதாவுக்கும் சூசையப்பருக்கும் கத்தி பிடித்த மாதிரி நேரான மூக்கு. 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் போன பிறகும் அவர்களின் மூக்கு இங்கே நின்றுவிட்டது. முழந்தாளில் நின்று மணிக்கணக்காக அண்ணாந்து பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் தன் மூக்கில் சந்தேகம் வரும்.

டொக்டர் “என்ன வேணும்?” என்று கேட்டார். “செய்தது தெரியக்கூடாது” என்றாள் பெறாமகள். அவர் மூக்கின் உள்ளே பார்த்தார். தண்டைத் தொடத் தேவையில்லை, நுனிக்குக் குருத்தெலும்பால் முட்டுக் கொடுத்து, இரு பக்கமும் அடியில் கொஞ்சம் எடுத்தால் போதும் என்றார். தடித்த தோலுக்குள் எலும்பைக் குறைத்துக்கொண்டே போனால் மேலே தோல் சுருங்கிக் கொடுக்காது, மூக்கு உருவமில்லாமல் போய்விடும். குருத்தெலும்பை மூக்கின் நடுச்சுவரிலிருந்தோ காதிலிருந்தோ எடுக்கலாம். சிலிக்கோன் வைத்தால் கிருமி பிடிக்கவும் தோலைத் தள்ளிக்கொண்டு வரவும் கூடும். எங்கள் நிறத்தில் தழும்பு கறுக்கலாம், தடிக்கலாம். நுனி வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடமோ அதற்கு மேலோ எடுக்கும். அழகுக்காகச் செய்தால் மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் ஒரு சதமும் கொடுக்காது, மேலே 13 வீத வரி வேறு.

டிசம்பரில் செய்துகொண்டாள். குளிர்ச்சால்வை வீக்கத்தை மறைத்தது. கோடையில் ஒரு கலியாண வீட்டில் அதே மாமி அவளைப் பார்த்துவிட்டு, “வேலை கூடவாகா? மெலிஞ்சு போனா” என்றா. அவ்வளவுதான். ஒருவர் கண்ணிலும் படவில்லை. பிள்ளை சந்தோசமாக இருக்கிறாள், அதை மறைக்க மாட்டேன். எனக்கு அந்தப் பழைய மூக்கில்தான் இன்னும் ஆசை. அது என் பாடு.

கண்மடல் கதை பிறகு அக்காவிடம் வந்தது. 60ஐ நெருங்கும்போது மேல்மடல் தொங்கிப் பக்கப் பார்வையை மறைத்தது. கண் டொக்டர் பார்வைப் பரப்பை அளந்து எழுதிக் கொடுத்தார். மிஞ்சிய தோலை எடுத்தார்கள். மகளுடைய மூக்குக்கு இரண்டு வாரம் பேசாமல் இருந்தவ, தன் கண்ணைக் கண்ணாடியில் பார்த்து, “பத்து வயசு குறைஞ்சிட்டுது” என்கிறா. இப்போது அந்த வீட்டில் சமாதானம்.

எங்கள் ஆட்களிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. பிள்ளையின் மூக்குக்குப் பேர் வைப்பதும் நாங்கள், படம் பார்த்துத் தட்டிக் கழிப்பதும் நாங்கள், அவள் செய்துகொண்டால் “கடவுள் தந்ததை வெட்டினாளே” என்று பேசுவதும் நாங்கள். வெள்ளைக்காரர் யாரும் என் பெறாமகளின் மூக்கைப் பற்றி வாய் திறந்ததில்லை.

செய்யத்தான் வேண்டும் என்று இருப்பவர்களுக்கு: 2007இல் இந்த நகரத்தில் குடும்ப மருத்துவர் ஒருவரிடம் கொழுப்பு எடுக்கப் போன பெண் இறந்த பிறகு, யார் தம்மைச் சத்திரசிகிச்சை நிபுணர் என்று சொல்லலாம் என்ற விதியை ஒன்ராறியோவில் இறுக்கினார்கள். மருத்துவர்களைக் கண்காணிக்கும் மருத்துவர் கல்லூரியின் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் அவருடைய தகுதியும், அவர்மேல் எடுத்த ஒழுங்கு நடவடிக்கைகளும் வரும். காசு கேட்கமாட்டார்கள். எங்கள் நிறத்தில், எங்கள் தோலில், ஒரு வருடம் கழித்து எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் எழுந்து வாருங்கள். மற்றவர்கள் அடுத்த பிறந்தநாள் விழாவில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.