ஒரே தண்டவாளம், இரண்டு ரயில்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயில் பாதை சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைத் தடம். சென்னை எழும்பூரில் கிளம்பி இரவு முழுக்க ஓடிவரும் செந்தூர் எக்ஸ்பிரஸும், திருநெல்வேலியில் புறப்படும் பாசஞ்சரும் இதே தண்டவாளத்தில்தான் போகின்றன. எக்ஸ்பிரஸ் முக்கியமான சில ஊர்களில் மட்டும் நிற்கும். பாசஞ்சரோ செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், கச்சனாவிளை, குரும்பூர் என்று ஊர் ஊராக நின்று போகும்.

சிறிய ஹால்ட் நிலையங்களில் ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. கமிஷன் அடிப்படையில் ஒரு ஏஜென்ட் டிக்கெட் கொடுப்பார். ரயில் ஒரு நிமிடம்தான் நிற்கும். அதற்குள் கூடைக்காரர் முதலில் கூடையை ஏற்றிவிட்டுப் பிறகு தான் ஏறுவார். உள்ளே இருப்பவர் கேட்காமலே கை கொடுத்து வாங்கி, சீட்டுக்கடியில் தள்ளி வைப்பார். முன்பதிவு இல்லாத வண்டி என்பதால் இடம் என்பது அங்கங்கே நகர்ந்து உட்கார்ந்து உண்டாக்கிக்கொள்வதுதான்.

ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒரு நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும். இதற்குக் கிராசிங் என்று பெயர். பெரும்பாலும் பாசஞ்சரைப் பக்கத்துத் தடத்தில் நிறுத்திவைத்து, எக்ஸ்பிரஸை நிற்காமல் அனுப்புவார்கள். பாசஞ்சர் தாமதமாவதற்கு அதன் வேகத்தைவிட இந்தக் காத்திருப்பே பெரிய காரணம். இஞ்சின் இழுக்கும் பழைய ரேக்குகளுக்குப் பதிலாக மெமு எனப்படும் மின்சார வண்டிகள் ஓடும் தடங்களில் இது தெளிவாகத் தெரியும். மெமுவில் மோட்டார்கள் ரயிலின் பல பெட்டிகளில் பரவியிருப்பதால், நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகமெடுக்கும். ஆனாலும் சிக்னல் விழுந்தால்தானே நகர முடியும்?

கட்டணமும் வேறு. பாசஞ்சரில் குறைந்தபட்சம் 10 ரூபாய், எக்ஸ்பிரஸில் 30. சராசரி வேகம் மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் அந்த வண்டி சூப்பர் பாஸ்ட் ஆகிவிடும். இரண்டாம் வகுப்புக்குக்கூட 15 ரூபாய் கூடுதல். 2020இல் கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்ட பாசஞ்சர்கள், திரும்பி வந்தபோது முன்பதிவில்லா எக்ஸ்பிரஸ் சிறப்பு ரயில்களாக வந்தன. அதே பெட்டிகள், அதே நிறுத்தங்கள், அதே நேரம். அடுத்த ஊரில் இறங்குகிறவரும் 30 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. தினமும் போய்வரும் கூலித்தொழிலாளிக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. 2024 பிப்ரவரி இறுதியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. அத்தனை காலம் அதை நீடிக்க விட்டிருக்கவே கூடாது.

வண்டி எண்ணைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடலாம். ஐந்து இலக்க எண் 1 அல்லது 2இல் தொடங்கினால் அது நெடுந்தூர ரயில். 5 இஞ்சின் இழுக்கும் பாசஞ்சர், 6 மெமு, 7 டீசலில் ஓடும் டெமு. 0 என்றால் சிறப்பு ரயில்.

எக்ஸ்பிரஸுக்கு எடுத்த முன்பதிவில்லா டிக்கெட்டை வைத்துப் பாசஞ்சரில் ஏறலாம். பாசஞ்சர் டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறினால் அபராதம் கட்ட வேண்டிவரும். அவசரத்தில் முதலில் வந்த வண்டியில் ஏறிவிட்டுப் பரிசோதகரிடம் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். அறிவிப்பில் வண்டியின் பெயரோடு எந்த டிக்கெட் செல்லும் என்பதையும் சேர்த்துச் சொன்னாலே அவர்களில் பலர் தப்பித்துக்கொள்வார்கள்.