மட்டையைத் தொடுமுன் நிற்கத் தெரிய வேண்டும்

செயின்ட் ஆண்ட்ரூஸ், ஸ்காட்லாந்து

இந்த ஊரில் கடற்கரைக்குப் போகிறவர்கள் கோல்ஃப் மைதானத்தின் குறுக்கே நடந்து போகிறார்கள். கிரானி கிளார்க்ஸ் வைண்ட் என்ற அந்தக் குறுகலான சாலை, ஓல்டு கோர்ஸின் முதல் குழிக்கும் 18ஆம் குழிக்கும் பொதுவான புல்வெளியை வெட்டிக்கொண்டு செல்கிறது. தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தாய், நாயோடு ஒரு பெரியவர், ஐஸ்கிரீம் கையில் வழிய வழியப் பல்கலைக்கழக மாணவர்கள் என்று யாராவது கடந்தபடியே இருப்பார்கள். அவர்கள் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை, கடல் தாண்டி வந்த பணக்கார ஆட்டக்காரரும் மட்டையை ஊன்றிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். இந்த நிலத்தில் ஊர்மக்களுக்கு உள்ள ஆட்ட உரிமையை 1552இல் பேராயர் ஹாமில்டன் சாசனம் எழுதியே உறுதி செய்திருக்கிறார்.

கொழும்பு வாசகர்களுக்கு இது புதிதாக இராது. அங்கே ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பின் நடுவிலேயே களனிவெளி ரயில் ஓடுகிறது.

ஆட்டக்காரர் இப்படிக் காத்திருப்பது பந்தின் ஆபத்தால்தான். தொலைக்காட்சியில் பார்க்கிறவருக்குக் கோல்ஃப் தூங்கி வழியும் ஆட்டம். ஓய்வுபெற்றவர்கள் காற்று வாங்கிக்கொண்டே நடப்பதுபோல் இருக்கும். அந்தப் பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு எண்ணம் மாறும். எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. கிரிக்கெட் பந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கல்போலக் கெட்டி. 2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் வீசிய பந்தின் வேகம் மணிக்கு 161.3 கிலோமீட்டர், கிரிக்கெட் உலகம் இன்றும் அதைப் பேசுகிறது. தொழில்முறை கோல்ஃப் வீரர் டிரைவர் மட்டையால் அடிக்கும் பந்து சாதாரணமாகவே 270 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். அக்தருக்கு எதிரே நின்றவருக்கு ஹெல்மெட்டும் கால் காப்புப் பட்டைகளும் இருந்தன. கோல்ஃப் ஆடுகிறவர் தலையில் வெறும் துணித் தொப்பி.

புதியவர் அடிக்கும் பந்துக்கு அத்தனை வேகம் கிடையாது. அது எந்தப் பக்கம் போகும் என்பது அடித்தவருக்கே தெரியாது என்பதுதான் சிக்கல்.

தேர்ந்தவர்கள் கைக்கும் அது எப்போதும் அடங்குவதில்லை. 2018இல் பாரிஸ் அருகே நடந்த ரைடர் கோப்பைப் போட்டியில், அந்த ஆண்டு அமெரிக்க ஓப்பனை வென்றிருந்த புரூக்ஸ் கெப்கா அடித்த பந்து ஆறாம் குழி ஓரம் நின்ற கூட்டத்துக்குள் பாய்ந்தது. பார்க்க வந்த ஒரு பெண்மணியின் வலது கண் பார்வை போயிற்று.

ஸ்காட்லாந்தில் இதைவிட அதிகம் பேசப்படுவது எடின்பரோவுக்கு மேற்கே, வின்ச்பர்க் என்ற ஊரில் 2007இல் நடந்த விபத்து. நண்பரின் அழைப்பில் ஆட வந்தவர் ஒருவர். ஆட்டத்தில் அதிக அனுபவம் இல்லாதவர். ஆறாம் குழியை முடித்துவிட்டு ஏழாம் குழியின் தொடக்க மேடைக்குப் பாதையில் நடந்துகொண்டிருந்தார். 18ஆம் குழிக்காக வேறொருவர் அடித்த பந்து வழிதவறி வந்து அவர் கண்ணைப் பறித்துவிட்டது. வழக்கு எடின்பரோவிலுள்ள உச்ச சிவில் நீதிமன்றத்துக்குப் போனது. அடித்தவர் 70 சதவீதம், கிளப் 30 சதவீதம் பொறுப்பு என்று 2011இல் தீர்ப்பு வந்தது. இழப்பீடு ஏறக்குறைய 4 லட்சம் பவுண்டு. மேல்முறையீட்டில் 2013இல் கணக்கு தலைகீழானது. ஆபத்தான அந்தப் பாதையில் ஓர் எச்சரிக்கைப் பலகைகூட வைக்காத கிளப் 80 சதவீதம், அடித்தவர் 20 சதவீதம். காயம்பட்டவர் மீது குற்றமே இல்லை என்றார்கள் நீதிபதிகள். கிளப் நிர்வாகிகள் தங்கள் மைதானப் பாதைகளை வரைபடத்தில் போட்டுப் பார்க்க வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கிய தீர்ப்பு இது. ஆடுகிறவருக்கும் இதில் பாடம் உண்டு: பிறருக்கு நேரும் காயத்துக்கான காப்பீடு இல்லாமல் மட்டையை எடுப்பது, லைசென்ஸ் இல்லாமல் வண்டியை எடுப்பதற்குச் சமம்.

சரி, புதிதாக ஆட வருகிறவர் என்னதான் செய்ய வேண்டும்?

முதல் வாரங்களில் மைதானத்துக்கே போக வேண்டாம். பயிற்சித் திடல் போதும். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு தடுப்பு, ஒரு பாய், ஒரு வாளி பந்து. பாய் விரித்த கோடுதான் லட்சுமணன் கோடு. புதியவர் அடிக்கும் பந்துகளில் பாதி, மட்டையின் விளிம்பு பட்டு நாலடி உருண்டு எதிரிலேயே நின்றுவிடும். அதைப் போய் எடுக்கத்தான் கை துறுதுறுக்கும். காசு கொடுத்த பந்தாயிற்றே! ஆனால் பக்கத்துத் தடுப்புகளில் ஓங்கிக்கொண்டிருப்பவர்கள் உங்களை எதிர்பார்க்கவில்லை. திடலில் பந்து பொறுக்கும் வண்டியையே கம்பிக்கூண்டு போட்டுத்தான் ஓட்டுகிறார்கள்.

அடுத்தது, நிற்கும் இடம். வலக்கைக்காரரின் பந்து மட்டையின் கழுத்தில் பட்டால் நேரே போகாமல் வலப்பக்கம் சீறும். ஷாங்க் என்பார்கள், புதியவர்களின் தினசரி வியாதி. ஆகவே அடிப்பவருக்கு முன்னே, அதிலும் வலப்பக்கம், நிற்கவே கூடாது. அவருக்கு நேர் பின்னாலும் கூடாது. ஓங்கிய மட்டை அங்கேதான் சுற்றி வரும். அவர் முகத்துக்கு எதிர்ப்புறமாக, பந்தைவிடச் சற்றுப் பின்தள்ளி, நாலைந்து மட்டை நீளம் விலகி, அவர் கண்ணில் படும்படி நிற்பது பழக்கம். ஒத்திகைக்காக மட்டையை வீசுமுன் சுற்றிலும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு நேரும் தலைக்காயங்களில் பந்தைவிட மட்டையின் பங்கே பெரிது. அண்ணன் வீசுகிறான், தம்பி பின்னால் வந்து நிற்கிறான். வீட்டுத் தோட்டத்திலேயே நடந்துவிடும்.

மட்டை வாங்குவதில் ஒரு வார்த்தை. இங்குள்ள தர்மக் கடைகளில் பழைய மட்டைகள் சில பவுண்டுக்குக் கிடைக்கின்றன. விதிப்படி 14 வரை வைத்துக்கொள்ளலாம். தொடங்க ஆறேழு போதும். ஆனால் தலைப்பகுதி ஆடுகிறதா, பிடியின் ரப்பர் தேய்ந்து வழுக்குகிறதா என்று திருகிப் பார்த்து வாங்குங்கள். வீசும் வேகத்தில் கழன்ற தலை, பந்தைவிடக் கனமானது.

உடம்பையும் மறக்கக் கூடாது. முதலில் முறையிடுவது பெரும்பாலும் இடுப்புதான். அடுத்து மணிக்கட்டும் முழங்கையும். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுச் சனிக்கிழமை காலை காரிலிருந்து இறங்கியதும் டிரைவரை ஓங்குபவர்கள், திங்கட்கிழமை பிசியோதெரபிஸ்டைத் தேடுகிறார்கள். பத்து நிமிடம் நடந்து, தோளையும் இடுப்பையும் சுழற்றி, சிறிய மட்டையில் பாதி வீச்சோடு தொடங்கினால் போதும்.

மைதானத்தில் இறங்கியபின் சட்டம் எளிது. முன்னே போகிற கூட்டம் உங்கள் பந்து எட்டாத தூரம் போகும்வரை அடிக்காதீர்கள். ‘இன்றைக்கு அவ்வளவு தூரம் போகாது’ என்று நினைக்கிற அன்றுதான் அது போகும். மேடு மறைக்கும் குழிகளில், முன்னே போனவர்கள் முடித்ததும் அடிக்க ஒரு மணி தொங்கும் மைதானங்கள் பிரிட்டனில் இன்னும் உண்டு. பந்து யாரை நோக்கியாவது போனால் ‘ஃபோர்!’ என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். வெட்கப்பட்டு முனகுவது புதியவர் செய்யும் பெரிய தப்பு. அந்தக் கத்தல் காதில் விழுந்தால் முகத்தைத் திருப்பி வானத்தைத் தேடாதீர்கள். குனிந்து, இரு கைகளாலும் தலையை மூடி, பை இருந்தால் அதன் பின்னால் ஒடுங்குங்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் இந்த ‘ஃபோர்’ கத்தலுக்கு வேலை அதிகம். ஓல்டு கோர்ஸில் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் கிரீன் எனப்படும், குழி அமைந்த ஏழு பெரிய புல்தரைகளைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஏழாம் குழியின் பாதையும் 11ஆம் குழியின் பாதையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. திடீரென்று கடலிலிருந்து ‘ஹார்’ என்னும் மூடுபனி ஏறி வந்தால் எதிரே யார் என்றே தெரியாது.

இடிக்கும் மின்னலுக்கும் தனிப் பத்தி வேண்டும். 1975இல் சிகாகோ அருகே வெஸ்டர்ன் ஓப்பன் போட்டியில் லீ ட்ரெவினோ உட்பட மூன்று வீரர்களை மின்னல் தாக்கியது. ட்ரெவினோவின் முதுகு அதன்பின் அறுவைச் சிகிச்சைக்குப் போனது. 1991இல் அமெரிக்க ஓப்பன், பிஜிஏ சாம்பியன்ஷிப் இரண்டிலும் பார்வையாளர் ஒவ்வொருவர் மின்னலுக்குப் பலியானார்கள். மின்னல் அபாயம் என்று தோன்றினால் யார் அனுமதியும் கேட்காமல் ஆட்டத்தை நிறுத்த விதி இடம் தருகிறது. மரத்தடி வேண்டாம், குடை வேண்டாம். கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

ஓல்டு கோர்ஸில் ஆட, ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்று கேட்பார்கள். அதன் பக்கத்திலேயே பால்கோவ் என்ற ஒன்பது குழி மைதானம் குழந்தைகளுக்கும் புதியவர்களுக்குமென்றே இருக்கிறது, சான்று வேண்டாம். அதுவும் பயமென்றால் ‘ஹிமாலயாஸ்’ இருக்கிறது. பெண்கள் தோளுக்கு மேல் மட்டை ஓங்குவது அழகல்ல என்று கருதிய காலத்தில், 1867இல் இங்கே தொடங்கிய பெண்கள் சங்கத்தின் மேடுபள்ளமான பட்டிங் திடல், அதாவது பந்தை உருட்டி மட்டுமே ஆடும் இடம் அது. சில பவுண்டு கட்டினால் யாரும் ஆடலாம். பந்து தரையை விட்டு எழும்பாததால், பாட்டியும் பேரனும் சேர்ந்து ஆடுகிற ஒரே கோல்ஃப் இதுதான் என்று சொல்லலாம்.

நம்மூரில் கொடைக்கானலிலோ ஊட்டியிலோ தொடங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்திய மைதானங்கள் பலவற்றில் பந்து விழும் இடத்தைப் பார்த்துச் சொல்ல, ஆடுகிறவருக்கு முன்னே தூரத்தில் ஒரு உதவியாளர் நிற்பது வழக்கம். கூலிக்கு நிற்கிறவர், விலகிப் போகச் சொல்லும் துணிவு உங்களுக்குத்தான் வேண்டும். அவர் மரத்தின் பின்னாலோ வேலியின் பின்னாலோ போன பிறகே மட்டையை ஓங்குங்கள். அவருக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுக்கும்படி கிளப் செயலாளரிடம் கேளுங்கள். செயலாளர் தயங்கினால் வின்ச்பர்க் தீர்ப்பைச் சொல்லுங்கள்.