பட்டறைப் புத்தகத்தின் பூர்வீகம்

தா.பழூரில் பழைய மாருதி 800 வைத்திருப்பவனுக்கு இரண்டே வழி. வண்டியை ஜெயங்கொண்டத்துக்கோ, மதனத்தூர்ப் பாலம் தாண்டிக் கும்பகோணத்துக்கோ ஓட்டிப்போய்ப் பட்டறையில் விடலாம். இல்லையென்றால் தானே கழற்றலாம். எனக்குக் கழற்றத்தான் ஆசை. செல்போனில் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் ஹெட் போல்ட்டுகளை எந்த வரிசையில், எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதைப் பாதிப் பேர் சொல்வதே இல்லை. கிரீஸ் கையோடு திரையைத் தள்ளவும் முடியாது. அச்சுப் புத்தகம்தான் வேண்டும்.

காரோடு வரும் கையேடு ஆயில் அளவையும் டயர் காற்றையும் சொல்லிவிட்டு, சர்வீஸ் சென்டருக்குப் போ என்று கைகாட்டிவிடும். கம்பெனி தன் பட்டறைகளுக்குப் போடும் சர்வீஸ் மேனுவலோ தனிக் கருவிகள் கையில் இருக்கும் மெக்கானிக்கை நினைத்து எழுதப்பட்டது. “புக்கெல்லாம் எதுக்குண்ணே, கை தானா பழகிடும்” என்றார் ஜெயங்கொண்டத்து மெக்கானிக் தம்பி. அதுவரை என் வண்டி தாங்க வேண்டுமே!

வீட்டு வாசலில் வைத்துக் கழற்றுகிறவனுக்கென்று யார்தான் எழுதினார்கள் என்று தேடப் போனேன். உலகம் முழுக்க இந்த வகை நூலுக்கு அடையாளமாகிவிட்ட பெயர் ஹேன்ஸ். இங்கிலாந்துக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். ஜான் ஹேன்ஸ் 1938இல் பிறந்தது கொழும்பில். அப்பாவுக்குத் தேயிலைத் தோட்ட நிர்வாகம். பன்னிரண்டு வயதில் கென்ட்டில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர், அங்கே ஒரு பழைய ஆஸ்டின் 7ஐப் பிரித்துப் புது உருவம் கொடுத்தார். அந்த வேலையை விளக்கி 1956இல் அவர் போட்ட சிறு நூலின் 250 பிரதிகளும் பத்தே நாளில் விற்றுப்போயின.

பிறகு விமானப்படை. ஏடனில் இருந்தபோது, சக அதிகாரி ஒருவர் வாங்கிய ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட்டைச் சரிசெய்ய உதவினார். கம்பெனி மேனுவல் இருந்தும் சாதாரண ஆளுக்கு அது உதவவில்லை. வண்டியைப் பிரித்துப் பூட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்தார்கள். 1966இல் வெளிவந்த அந்த நூலின் முதல் அச்சு 3,000 பிரதிகள். மூன்று மாதத்துக்குள் தீர்ந்தன. எழுதுகிறவர் அதே காரைத் தன் கையால் முழுக்கப் பிரித்துப் பூட்டியிருக்க வேண்டும் என்பதுதான் அந்த நூல்வரிசையின் ஆதாரம். என்னைக் கேட்டால், பட்டறைப் புத்தகத்துக்கு வேறு தகுதியே தேவையில்லை.

ஆனாலும் பெயரைப் பார்த்து வாங்கினால் வம்பு. சென்னைக்கு அருகே வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான். அங்கே எஞ்சின் 1147 சி.சி., 1296 சி.சி. என்று வளர்ந்துகொண்டே போனது. இங்கே 948 சி.சி.யோடு நின்றது. நான்கு கதவு ஹெரால்டு நம் ஊரில் மட்டும் வந்தது. டிரையம்ப் நூலை வைத்துக்கொண்டு நம் ஹெரால்டில் எல்லாவற்றையும் தேட முடியாது.

மாருதி 800ம் அப்படித்தான். 1983 டிசம்பரில் வந்தது ஓர் உருவம், 1986இல் வேறு உருவம். பின்னர் கார்புரேட்டர் போய், எரிபொருளைப் பீய்ச்சிச் செலுத்தும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது, 12 வால்வு எஞ்சினும் சேர்ந்தது. ஆகவே அட்டைப் படத்தை நம்பாமல் எஞ்சின் குறியீட்டையும் ஆண்டையும் பாருங்கள். அடிப்படை தெரியாதவர்கள் முதலில் ஐ.டி.ஐ. மாணவர்களுக்காகச் சென்னை கிண்டியில் இயங்கும் நிமி நிறுவனம் வெளியிடும் மோட்டார் வாகன மெக்கானிக் பாடநூலைப் படிக்கலாம். கார்புரேட்டர் என்ன செய்கிறது என்றே தெரியாமல் அதைக் கழற்றும் வேலையில் இறங்காதீர்கள்.

மாருதி 800 உற்பத்தி 2014இல் நின்றது. புதிய கார்களுக்கு இனி அச்சு நூல் இல்லை என்று ஹேன்ஸ் நிறுவனமும் 2020இல் அறிவித்துவிட்டது. உங்கள் வீட்டுப் பரணில் கிரீஸ் படிந்த பழைய மேனுவல் ஏதாவது கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த வண்டியை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவரைத் தேடிக் கொடுங்கள்.