கணினிக்கும் நாள் பார்க்க வேண்டும்

நம் வீடுகளில் நல்ல காரியம் எதுவென்றாலும் முதலில் கண் போவது சுவரில் தொங்கும் நாள்காட்டிக்குத்தான். இராகு காலம் எத்தனை மணிக்கு, எமகண்டம் எத்தனை மணிக்கு என்று பார்த்த பிறகே பெரியவர்கள் வாசலைத் தாண்டுவார்கள். கணினிக்கு மட்டும் யாரும் நாள் பார்ப்பதில்லை. அது தானே நேரம் குறித்துக்கொள்கிறது. தானே தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அணைந்து மறுபடியும் எழுந்தும் விடுகிறது. இடுபணி எழுதவும் படம் பார்க்கவும் உதவும் கணினியாக இருந்தால் இதில் பெரிய பாதகம் இல்லை. பாட்டுப் பதிவு செய்யும் கணினியாக இருந்தால் கதையே வேறு.

உறுமி மேளக் குழுவில் உங்களுக்கு நண்பர்கள் இருந்தால் நான் சொல்வது புரியும். தைப்பூசம் நெருங்க நெருங்க, வீட்டில் ஓர் அறை ஒலிப்பதிவுக் கூடமாக மாறிவிடும். என் பெரியப்பா மகன் ஆயர் ஈத்தாமில் அப்படி ஓர் அறை வைத்திருக்கிறார். சுவர் முழுக்க முட்டை அட்டை, கதவுக்குப் பின்னால் பழைய மெத்தை, மேசையில் ஒரு கணினி. (முட்டை அட்டை வெளிச்சத்தத்தைத் தடுக்காது என்று நான் எத்தனை முறை சொல்லியும் அண்ணன் அதைக் கழற்றவில்லை. பார்க்க ஸ்டூடியோ மாதிரி இருக்கிறதாம்!) பாடுவதும் வாசிப்பதும் அவர் வேலை. கணினி என் பொறுப்பு.

நான் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். அங்கே ‘கணினி’ என்ற சொல்லைக் கற்றேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் ‘கெமாஸ் கினி’ என்ற சொல் வந்து சேர்ந்தது. கெமாஸ் என்றால் சீர், கினி என்றால் இப்போது. இப்பொழுதைக்கு ஏற்பச் சீராக்குவது என்று பொருள் கொள்ளலாம். தமிழில் ‘இற்றைப்படுத்தல்’ என்றும் எழுதுகிறார்கள். இற்றை என்றால் இன்று. இரண்டு மொழிகளும் ‘இப்போது’ என்பதைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு வியப்பாக இருந்தது. அந்த ‘இப்போது’ யாருடைய இப்போது என்பதுதான் என் கேள்வி.

சென்ற ஆண்டு அந்த அறையில் உறுமியோடு இன்னொரு பதிவும் தொடங்கினோம். எங்கள் பாட்டியின் பாட்டுகள். பாட்டிக்கு இப்போது எண்பத்தொரு வயது. தென் செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவருடைய தாயாரிடம் கேட்ட தாலாட்டும் ஒப்பாரியும் அவர் நினைவில் மட்டுமே இருக்கின்றன. எந்தத் தாளிலும் இல்லை. ஒரு பாட்டை ஒரு தடவைதான் முழு மூச்சோடு பாடுவார். “இன்னொரு தடவை பாடுங்க பாட்டி” என்றால் அடி மாறிவிடும். சில வேளை பாட்டே வேறாகிவிடும். “அதான் பாடிட்டேனே, பொட்டி கேக்கலியா?” என்பார்.

பெட்டி கேட்பது எப்படி என்பதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். குறுவட்டுத் தரத்தில் பதிவு செய்யும்போது கணினி ஒரு வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எழுதுகிறது. அளந்ததை ஒவ்வொன்றாக எழுதாமல் சிறு சிறு கட்டுகளாக வாங்கிக்கொள்கிறது. ஒரு கட்டில் 128 அளவுகள் என்று வைத்தால், ஏறத்தாழ மூன்று மில்லி வினாடிக்கு ஒரு கட்டு வந்துகொண்டே இருக்கும். ஒரு கட்டை வாங்க ஆளில்லை என்றால் அது போனது போனதுதான். பதிவில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் விழும். பின்னணியில் பெரிய புதுப்பிப்பு ஒன்று இறங்கிப் பிரிந்து வட்டில் எழுதப்படும்போது இந்தத் தடுமாற்றம் நேர வாய்ப்பு அதிகம். உறுமியின் முழக்கத்தில் ஒரு ‘டிக்’ மறைந்துவிடும். பாட்டியின் குரலில் மறையாது. அவர் மூச்சு வாங்கும் இடம்கூடத் தெளிவாகக் கேட்கும் பதிவு அது.

ஆகவே பாட்டிக்கு நான் கட்டின் அளவை 1024 ஆக்கிவிடுவேன். ஒரு கட்டுக்கு 23 மில்லி வினாடி அவகாசம் கிடைக்கும். உறுமிக்காரர்கள் காதில் கேட்பொறி மாட்டிக்கொண்டு முன்பே பதிந்த தாளத்தோடு சேர்ந்து வாசிப்பதால், அவர்களுக்கு இவ்வளவு தாமதம் ஆகாது. பாட்டி எதையும் மாட்டிக்கொள்ள மாட்டார். அவருக்குத் தாளம் அவர் தொடையில் இருக்கிறது.

இனி புதுப்பிப்புக்கு வருவோம். 2015 ஜூலை 29-இல் விண்டோஸ் 10 வெளிவந்தபோது, வீட்டுப் பதிப்பு வைத்திருப்பவர்கள் புதுப்பிப்பை வேண்டாம் என்று சொல்லும் வழி எடுபட்டுப் போயிற்று. தொழில்முறைப் பதிப்பில் மட்டும் கொள்கை அமைப்புகளுக்குள் சென்று ‘இறக்குவதற்கு முன் என்னைக் கேள்’ என்று கட்டளையிட முடிந்தது. 2016-இல் ‘ஆக்டிவ் அவர்ஸ்’ வந்தது. நான் வேலை செய்யும் நேரம் இது, இந்நேரத்தில் அணைந்து எழாதே என்று கணினிக்குச் சொல்லும் ஏற்பாடு. நம் நாள்காட்டியின் இராகு காலம் போலத்தான்! முதலில் 12 மணி நேரம் வரை குறிக்கலாம் என்றிருந்தது, 2017-இல் 18 மணி நேரமாயிற்று. பலர் இதை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் அது மறுதொடக்கத்தை மட்டுமே தடுக்கும். பின்னால் நடக்கும் இறக்கத்தைத் தடுக்காது. பதிவுக் கணினிக்கு அது போதவே போதாது.

2019 மே மாதப் பதிப்பிலிருந்துதான் வீட்டுப் பதிப்பிலும் ‘இடைநிறுத்து’ பொத்தான் கிடைத்தது. ஏழேழு நாளாக அழுத்தி 35 நாள் வரை தள்ளலாம். 35-ஆம் நாள் முடிந்ததும் காத்திருப்பவற்றை உள்ளே விட்ட பிறகுதான் மறுபடி நிறுத்த முடியும். நான் இதைத்தான் பயன்படுத்தினேன். பதிவு இருக்கும் வாரத்துக்கு முன்பே இடைநிறுத்தம். பதிவு முடிந்து, கோப்புகளை வெளி வட்டில் படியெடுத்து, அந்தப் படியைத் திறந்து கேட்டுப் பார்த்த பிறகே புதுப்பிப்புக்கு அனுமதி. அதன் பிறகு ஒலிப்பெட்டியின் இயக்கி அதேதானா, வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டதா என்று ஒரு நிமிடச் சோதனைப் பதிவு. சோதனைக்குப் பெரும்பாலும் அண்ணன்தான் “ஒன்னு, ரெண்டு, மூனு” என்று எண்ணுவார்.

படியெடுத்த பிறகே அனுமதி என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2018 அக்டோபர் மாத விண்டோஸ் 10 புதுப்பிப்பு வந்த சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. சிலருடைய ஆவணங்களும் படங்களும் காணாமல் போயின. சீர்செய்யப்பட்ட பதிப்பு நவம்பர் 13-இல்தான் மறுபடி வந்தது. ஆப்பிள் பயனர்களும் தப்பவில்லை. 2019 அக்டோபரில் வந்த கேட்டலினா, 32-பிட் மென்பொருள்களை முற்றாகக் கைவிட்டது. பழைய இசைக்கருவி மென்பொருள்களை நம்பியிருந்தவர்கள் அவசரப்பட்டு மாறியிருந்தால், முன்பு செய்த பாட்டைத் திறக்கும்போது பாதிக் கருவிகள் வாய் திறந்திருக்காது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் ஒரேயடியாக நிறுத்திவிடு” என்று அண்ணனின் நண்பர்கள் சொல்வார்கள். புதுப்பிப்புச் சேவையையே முடக்கிவிட்டு இணையத்தில் உலவுகிறவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2017 மே 12-இல் ‘வானாக்ரை’ என்ற பிணைமென்பொருள் சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டிஷ் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்பும் நிலை வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-இல், வெளிவந்துவிட்டது! போடாமல் விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். பூட்டப்பட்ட வட்டில் உள்ளது ஒப்பாரியா, கணக்குப் புத்தகமா என்று அந்த மென்பொருள் பார்க்காது. ‘டிக்’ சத்தத்துக்குப் பயந்து பாட்டையே பறிகொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்?

இப்போது எங்களுக்கு வேறொரு சிக்கல். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இண்டல் எட்டாம் தலைமுறைச் செயலியும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்பது விதி. எங்கள் கணினியோ பழையதாக வாங்கியது; செயலி ஆறாம் தலைமுறை. புதிது வாங்கலாம் என்றால், தைப்பூசப் பதிவில் வரும் வரும்படி உறுமித் தோல் மாற்றவே சரியாகப் போகிறது.

அண்ணனும் நானும் ஒரு ஞாயிறு முழுக்கப் பேசி, அந்தக் கணினியை இணையத்திலிருந்தே பிரித்துவிடுவது என்று முடிவு செய்தோம். இணையமே இல்லாத கணினிக்கு ஓட்டை வழியாக வரும் ஆபத்து வெகுவாகக் குறையும். புதுப்பிப்பும் வந்து கதவைத் தட்டாது. கம்பியில்லா இணைப்பு அணைந்திருப்பதே பதிவுக்கு நல்லது, ஏனென்றால் அதன் இயக்கியே சில கணினிகளில் ‘டிக்’ சத்தத்துக்குக் காரணமாகிறது. இழப்பும் உண்டு. அவ்வப்போது இணையத்தில் உரிமம் சரிபார்க்கும் இரண்டு மென்பொருள்களை விட வேண்டியதாயிற்று. அவற்றில் ஒன்று அண்ணனுக்கு மிகவும் பிடித்த எதிரொலி. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே செருகும் விரலியையும் முதலில் என் மடிக்கணினியில் சோதித்த பிறகே அந்த அறைக்குள் விடுகிறேன்.

பிரித்த பிறகு நடந்த முதல் பதிவில் பாட்டி ஓர் ஒப்பாரி பாடினார். தம் தங்கை இறந்தபோது தோட்டத்து லயத்தில் பாடியதாம். ஏழு நிமிடம். அண்ணன் மின்விசிறியை அணைத்துவிட்டிருந்ததால் மூவருக்கும் வியர்த்துக் கொட்டியது. பாடி முடித்து வெகுநேரம் பாட்டி ஒன்றும் பேசவில்லை. நானும் பதிவை நிறுத்தவில்லை. பிறகு, “பொட்டி கேட்டுச்சாடி?” என்றார்.

இதுவரை ஒன்பது பாட்டுகள் சேர்ந்திருக்கின்றன. ஒரு வெளி வட்டு எங்களிடம் இருக்கிறது; இன்னொன்று புக்கிட் மெர்தாஜாமில் அத்தை வீட்டு அலமாரியில். நடவுப் பாட்டு ஒன்று பாதியில் நிற்கிறது. மீதி அடிகள் அத்தைக்கு நினைவிருக்கலாம் என்று பாட்டி சொல்கிறார். அடுத்த பள்ளி விடுமுறையில் அத்தை வருகிறார்.